சாமி வந்ததா, சர்க்கரை குறைந்ததா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பாதி வழியிலேயே காது அடைக்கிறது. மேலே இறங்கி நடந்தால் மூச்சு வாங்குகிறது. மாலையில் உடம்பு நடுங்குகிறது. இவையெல்லாம் மலையின் குணம் என்று யாவரும் ஒப்புக்கொள்ளுகிறார்கள். அதே மனிதர் மே மாதத் திருவிழாவில் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு சேர்வராயன் குகைக் கோவிலுக்கு ஏறி நடுங்கினால் மாத்திரம், சாமி வந்துவிட்டதென்று கற்பூரம் கொளுத்துவானேன் என்பதே நமது கேள்வி.

ஏற்காடு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர். காற்றின் அழுத்தம் அங்கே கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பிராணவாயு குறைந்தால் கழுத்து இரத்தக் குழாயிலுள்ள சிறு உறுப்பு மூளைக்குச் சொல்லுகிறது. மூளை மூச்சை முடுக்குகிறது. இருதயமும் கூட ஓடுகிறது. குளிர் வந்தால் தோலின் குழாய்கள் சுருங்கிச் சூட்டைக் காக்கின்றன. போதாவிட்டால் தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. பட்டினியானால் கணையம் சொல்ல, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. இந்தக் கூட்டு வேலைக்கு அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் 1926-ல் ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்று பெயரிட்டார். உள்நிலையைச் சமனாக வைத்தல் என்பது பொருள்.

முகத்தில் பிறந்தவன் உயர்ந்தவன், காலில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று எழுதி வைத்த புண்ணியவான்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். கெண்டைக்கால் சதை அசைந்து பிழிந்தால்தான் காலில் தேங்கிய இரத்தம் சரியாக மேலேறும். தரிசன வரிசையில் அசையாமல் வெகுநேரம் நின்றவர் பொத்தென்று விழுவது பெரும்பாலும் இதனால்தான். சில விநாடி இரத்தம் போகாவிட்டால் ‘உயர்ந்த’ தலைக்கு நினைவே தப்பிவிடுகிறது!

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லையுண்டு. நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, நோன்பென்று சோறு தின்னாமல் மலையேறுகிறவருக்கு, கல்லீரல் கொடுப்பதை மருந்து விழுங்கிவிடும். அப்போது அட்ரினல் சுரப்பி அபாயமணி அடிக்கிறது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பிறகு உளறல். இந்த உளறலைத்தான் பக்தர்கள் அருள்வாக்கென்று கைகட்டிக் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ஓர் உயிர் போகலாம்.

நினைவோடு இருப்பவருக்கு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல், தீர்த்தமானாலும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நோன்பிருக்கத்தான் வேண்டுமென்கிறவர்கள் முதல் நாளே டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறட்டும். பூசாரியைக் கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.