பூட்டைக் குறை சொல்லலாமா?



திருட்டுப் போன வீட்டில் முதலில் காதில் விழும் பேச்சு, "பூட்டு சரியில்லைங்க" என்பதுதான். கடைக்காரரைத் திட்டுவோம், கம்பெனியைத் திட்டுவோம். அந்தப் பூட்டை எப்படி மாட்டியிருந்தார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பூட்டு பாதி, பொருத்துவது பாதி என்பது என் கருத்து.

கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் தறிக்குடோன் கதவுகளைப் பாருங்கள். திண்டுக்கல் பூட்டு வாங்கி மாட்டுகிறோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. உள்ளே இருக்கும் லீவர்களைக் கையால் அராவிப் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு லீவரும் சரியான உயரத்துக்கு வந்தால்தான் திறக்கும். இத்தனை பாடுபட்டுச் செய்த பூட்டை நாம் எதில் மாட்டுகிறோம்? நாலு சின்ன ஸ்குரூவில் நிற்கும் கொண்டியில்! ஸ்குரூவின் தலையோ வெளியே தெரிகிறது. திருடன் எதற்குப் பூட்டைத் தொட வேண்டும்? ஒரு திருப்புளி போதுமே!

வீட்டுக் கதவின் சிலிண்டர் பூட்டுக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் லைனஸ் யேல் 1861-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உள்ளே வரிசையாகப் பின்கள், அவற்றை அழுத்த ஸ்பிரிங்குகள். சரியான சாவி போனால் பின்கள் பிரியும் இடமெல்லாம் ஒரே கோட்டுக்கு வரும், சிலிண்டர் சுற்றும். துளைகள் மைக்ரான் கணக்கில் பிசகுவதால்தான் கம்பியை விட்டுப் பின்களை ஒவ்வொன்றாக ஏமாற்ற முடிகிறது. லேபில் "டாலரன்ஸ் என்ன எழவுக்கு?" என்று சலித்துக்கொள்கிறோமே, அதற்குப் பதில் இதுதான்!

வட்டச் சிலிண்டரை எந்தப் பக்கமும் திருப்பி மாட்டலாம். தலைகீழாக வைத்தால் திருடன் குழம்பிவிடுவான் என்று சிலர் சொல்வார்கள். குழம்ப மாட்டான், கையைத் திருப்பிப் பிடித்துக்கொள்வான். ஆனால் நமக்குத்தான் நஷ்டம். பின்கள் மேலே இருந்தால், ஸ்பிரிங் தளர்ந்தாலும் புவியீர்ப்பு அவற்றைக் கீழே இறக்கிப் பூட்டைக் காக்கும். கீழே இருந்தால், ஸ்பிரிங் செத்ததும் பின்னும் கீழேயே படுத்துக்கொள்ளும். தூசியும் துளைக்குள் இறங்கும். பஞ்சு பறக்கிற நம்ம ஊருக்கு எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள்.

நீள வடிவச் சிலிண்டர் கதவுத் தகட்டை விட்டு 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நடுவில் ஸ்குரூத் துளை இருக்கும் இடம் மெலிசு. வெளியே பிடி கிடைத்தால் அங்கேதான் முறியும். அப்போது பின் எத்தனை இருந்து என்ன பயன்?

"இதையெல்லாம் எழுதினால் திருடனுக்குப் பாடம் எடுத்த மாதிரி ஆகாதா?" என்று கேட்கலாம். 1851-ல் லண்டன் கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், பேர்போன சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா பூட்டுக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் ஆனது. அவரையும் இதே கேள்விதான் கேட்டார்கள். திருடனுக்கு அது ஏற்கனவே தெரியும், தெரியாமல் இருப்பது வீட்டுக்காரன்தான் என்பதே அவர் வாதம். அதன் பிறகு பூட்டுகள்தான் மேம்பட்டன.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். "படிச்ச பையன்தானே, நீயே பாரு கண்ணு" என்று அக்கம்பக்கத்தில் பூட்டு மாட்டக்கூடக் கூப்பிடுகிறார்கள். "டிப்ளமோ படிச்சுட்டு இதுக்கா போற?" என்று கேலி செய்யும் நண்பர்களும் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: வாரக்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒரு பவுன் தோடு அந்தக் கதவுக்குப் பின்னால்தானே இருக்கிறது? அதைக் காப்பது சின்ன வேலையா?

நண்பர்களே, இந்த லீவில் அவரவர் தெருவில் பத்துக் கதவுகளைப் பாருங்கள். வெளியே தலை தெரியும் ஸ்குரூவைக் கழற்றிவிட்டு, நட்டு உள்பக்கம் வரும்படி போல்ட் போட்டு முறுக்கிக் கொடுங்கள். செலவு ஒரு டீக்காசு. நாம் படித்த படிப்பு நம்ம தெருவுக்கு முதலில் உதவட்டும்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்