ஜீப் இருக்கட்டும், ஏரிக்குள் வேண்டாம்

பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பிரித்துப் பூட்டி, பெரிய டயர் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆனால் காடுமேடு ஓட்டுவது தாம்பரம் முதல் ஒரகடம் வரை இப்போது பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்களில் சிலர் நம் இதழைப் படிக்கிறவர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். படப்பை, வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கிவிட்டு, மாடு வாங்குவதற்கு முன்னால் ஜீப் தேடுகிற தம்பிகள் இருக்கிறார்கள். "விவசாயத்துக்குத்தானே சார் வாங்குறேன்" என்பார்கள். கடன் மனுவில் 'நோக்கம்: விவசாயம்' என்று எழுதியிருந்தால், அடுத்த கேள்வியையும் கேட்டே பழகியவன் நான். வங்கியை விட்டு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஜீப்புக்கு நான் விரோதி இல்லை. என் கொட்டகையிலும் ஒரு பழைய எம்.எம்.540 நிற்கிறது. அந்த வண்டியின் பூர்வீகத்திலேயே உழவு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனி 1945இல் ஜீப்பைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியபோது, முதலில் குறிவைத்தது விவசாயிகளைத்தான். பின்னால் கலப்பை இழுக்கலாம். எஞ்சின் சுழற்சியை வெளியே எடுத்து, பெல்ட் போட்டு மற்ற இயந்திரங்களையும் ஓட்டலாம். இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஓட்டிய போர்க்கால ஜீப்பைப் பார்த்து உருவாக்கியதுதான் 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவர். ஜெர்மனியின் யுனிமாக் வண்டிக்கு இரு சக்கர இடைவெளியை, உருளைக்கிழங்குப் பாத்தியில் இரண்டு வரிசைக்குப் பொருந்துகிற மாதிரி வைத்தார்கள். நம் நாட்டில் மஹிந்திரா 1947 முதல் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது.

தேனிப் பக்கம் போனால் உழைக்கிற ஜீப்பை இன்றும் பார்க்கலாம். போடி, கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றி விபத்தானதும் உண்டு, அதை மறைக்க முடியாது. ஆனால் அந்த வண்டிக்கு ஒரு வேலை இருக்கிறது. வேலைக்கு ஏற்ற மாதிரிதான் அதில் பட்டையும் பலகையும் அடித்திருப்பார்கள்.

பழைய ஜீப்பில் எனக்குப் பிடித்தது அதன் வெள்ளந்தித்தனம். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். என் வண்டியில் இருப்பது பெஜோ உரிமத்தில் செய்த டீசல் எஞ்சின். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஊரில் டிராக்டர் வேலை பார்க்கிற மெக்கானிக்கே பார்த்துவிடுவார். உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. ஒரு பகல் சுற்றினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பல்சக்கரம் கூட அகப்படும். அகப்படாவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். கம்பெனி விதையை எதிர்த்து நாட்டு விதையைச் சேமிக்கிற நமக்கு, சர்வீஸ் சென்டரை நம்பாமல் நாமே பழுது பார்க்கிற வண்டி பிடிப்பதில் அதிசயம் இல்லை. இருக்கிற வண்டியை ஓட்டுவது புது வண்டி வாங்குவதைவிடச் சிக்கனம் என்பதும் எனக்கு ஒப்புதலே.

சிக்கல் அதை மாற்றிக் கட்டுவதில் தொடங்குகிறது. டயர் பெரிதானால் கியர் விகிதம் குலையும், ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும், பழைய டிரம் பிரேக் திணறும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் பாரம் மேலே ஏறி, வரப்பு ஓரச் சரிவில்கூடக் கவிழப் பார்க்கும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பஞ்சாப் எல்லையில் மண்டி டப்வாலியில் கட்டி வருகிற ஜீப்பின் படத்தைப் போனில் பார்த்து முன்பணம் அனுப்புகிறவர்கள், முதலில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒயரிங் மாற்றுங்கள், பிரேக்கைப் புதுப்பியுங்கள், சீட் பெல்ட் போடுங்கள். அதற்கே கை நிறைய வேலை இருக்கிறது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தைந்து வயதான வண்டிக்கு எந்த வங்கியும் லேசில் வாகனக் கடன் தராது. அதனால் பர்சனல் லோன், இல்லாவிட்டால் வீட்டு நகை. கிசான் கார்டில் 3 லட்சம் வரை பயிர்க்கடன் 7 சதவீத வட்டிக்குக் கிடைக்கும். தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். அந்தக் கடனை வாங்க யோசிக்கிறவர், அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வட்டிக்கு வாங்கி டயர் மாட்டுகிறார். முதல் மூன்று வருடம் இயற்கை விவசாயத்தில் கையைக் கடிக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று வருடத்தைத் தாண்ட வைத்திருந்த பணம்தான் இப்படிப் போகிறது. கிணறு தூர் வார, வேலி போட, இரண்டு நாட்டு மாடு வாங்க என்று வைத்திருந்த பணம்.

வாங்கியாயிற்று என்றால் வயலுக்குள் இறக்குவார்கள். ஜீப் ஒரு டன்னுக்கு மேல் எடை. மண் ஈரமாக இருக்கும்போது ஒரு தடவை ஏறி இறங்கினாலே போதும், கெடுதலில் பெரும்பகுதி அந்த முதல் தடத்திலேயே நடந்துவிடும். தக்கைப்பூண்டு விதைத்து, பலதானியம் மடக்கி உழுது, மண்புழுவை வரவழைத்துப் பொலபொலப்பாக்கிய மண், தடம் பட்ட இடத்தில் செங்கல் மாதிரி இறுகும். சந்தேகம் இருந்தால் கடப்பாரையைத் தடத்தில் ஒரு குத்து, தடத்துக்கு வெளியே ஒரு குத்து குத்திப் பாருங்கள், கையே சொல்லும். என் ஜீப் 200 லிட்டர் ஜீவாமிர்த டிரம்மை வண்டிப்பாதை வரை கொண்டுவரும். அங்கிருந்து குடம்தான்.

நிலமாவது அவரவர் சொந்தம், கெடுத்தால் அவருக்கே நஷ்டம். ஏரி அப்படி இல்லை. சித்திரை, வைகாசியில் ஏரி வற்றியதும் அதைக் காலி மைதானம் என்று நினைத்து இறங்குகிறார்கள். கரை மேல் ஏறுவதையும் இறங்குவதையும் வீடியோ எடுக்கிறார்கள். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது, வெட்டவெளித் தரையில்தான் மூன்று நான்கு முட்டை இடும். பங்குனி முதல் ஆவணி வரை அதற்கு அடைகாக்கும் காலம். மண் நிறத்திலேயே இருக்கும் முட்டை, ஓட்டுகிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் நம்மூர் ஆடு மாடு மேய்கிறது. அந்த வண்டலைத்தான் நாம் வயலுக்கு அள்ளி வருகிறோம்.

கரை இன்னும் மோசம். சக்கரம் கீறிய பள்ளம் வெயிலில் சும்மா கிடக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஓடும், ஓடி ஓடி வாய்க்கால் ஆகும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்த இந்தப் பகுதிக்காரர்களுக்கு, மேலே இருக்கிற ஏரிக்கரை எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மண் அள்ளுற லாரியும் ஜேசிபியும் இறங்குதே, எங்களை மட்டும் ஏன் சார் கேக்குறீங்க?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. களவாக மண் அள்ளுகிற லாரி செய்கிற நாசம் ஜீப்பைவிடப் பல மடங்கு. அதைத் தடுக்கக் கரையில் ஆள் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இந்தத் தம்பிகள் கரைக்கு வெளியே வண்டியை நிறுத்திக் காவல் நின்றால் லாரிக்காரன் யோசிப்பான். உள்ளே வட்டம் அடித்துக்கொண்டிருந்தால் அவனைக் கேட்க யாருக்கும் வாய் வராது.

நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், சிறியது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கிறது. யாரிடம் இருந்தாலும் ஊர்க்காரர்கள் கேட்கலாம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. வண்டல் எடுக்க அனுமதி பெற்ற வண்டி தவிர வேறு மோட்டார் வண்டி ஏரிக்குள்ளும் கரை மேலும் ஏறக்கூடாது, கரையின் இரண்டு முனையிலும் கல் நட வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் வையுங்கள். கல்லை ஏற்றி வர என் ஜீப் வரும்.