கதவில் மங்கிய எழுத்தை அழிக்காதீர்கள்

அமெரிக்காவில் பழைய பிக்-அப் வண்டிகளை விற்பவர்கள் "நன்றாகப் பாதுகாக்கப்பட்டது" என்று சொல்வதற்கு, ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒருவர் 1951-ஆம் வருடத்துச் செவர்லே 3100 வண்டியை, ஆலையில் அடித்த பெயின்டோடும் அன்று பூட்டிய எஞ்சினோடும் கொடுக்கிறார். இன்னொருவர் அதே வண்டியின் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், டிஸ்க் பிரேக், ஏசி எல்லாம் ஏற்றி, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுக்கிறார். இரண்டாவது வண்டியில் உழைப்பும் திறமையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் வகை வண்டி கைக்கு வந்தவர் அதை இரண்டாவது வகையாக மாற்றக் கூடாது. விற்பவரும் நல்ல விலைக்கு ஆசைப்பட்டு அதைப் புதுப்பித்துவிடக் கூடாது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய காரியம் அல்ல இது. ஆனாலும் கேட்டுக்கொள்ளும் நியாயம் இருக்கிறது.

அந்த வண்டியில் அப்படி என்ன இருக்கிறது? ஃபோர்டு நிறுவனம் 1925 ஏப்ரலில், மாடல் டி காரின் பின்புறத்தில் இரும்புத் தொட்டி வைத்து 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதற்கு முன் விவசாயிகள் தங்கள் காரின் பின்பக்கத்தை வெட்டி, தாங்களே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும், 1942-இல் பொதுமக்களுக்கான வாகன உற்பத்தி நின்றது. போர் முடிந்தபோது பண்ணைகளில் ஓடியவை பெரும்பாலும் தேய்ந்துபோன பழைய வண்டிகள். புது வண்டிக்கான அந்தப் பசிக்குத்தான் 1947 கோடையில் செவர்லேயின் 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையும், 1948 தொடக்கத்தில் ஃபோர்டின் எஃப் வரிசையும் வந்தன. அமெரிக்கப் பண்ணைகளில் டிராக்டர்களின் எண்ணிக்கை குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் முதன்முதலாகத் தாண்டியது 1954-இல். அதாவது, குதிரை லாயத்தை விட்டுப் போன அதே ஆண்டுகளில் இந்த வண்டிகள் கொட்டகைக்குள் வந்து நின்றன. அந்த மாற்றம் மனிதர்களின் உடம்பில் எப்படிப் பதிந்தது என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது, வண்டி சொல்லும். செவர்லே 3100-இல், தரையில் இருக்கும் ஸ்டார்ட்டரைக் காலால் மிதித்துத்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். மின்சாரம் வெறும் 6 வோல்ட். 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினின் திறன் ஏறத்தாழ 90 குதிரைத்திறன்தான். அதில் கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கு எண்ணெய் முழு அழுத்தத்தில் போவதில்லை, ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி போன்ற முனைகள் சுழலும்போது வாரிக்கொள்கின்றன. அதனால் அதை மணிக்கணக்கில் விரட்ட முடியாது. அந்தக் காலத்து நாட்டுச் சாலையின் வேகம் எது என்பதை அந்த எஞ்சின் இன்றும் நமக்கு விதிக்கிறது. தொட்டியின் தரை மரப்பலகை, நடுநடுவே இரும்புப் பட்டை. ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அம்மியில் குழி விழுவதைப் போல அந்தப் பலகையில் பால் கேனும் தீவன மூட்டையும் இழுபட்ட தடம் விழுந்திருக்கும்.

வி8 எஞ்சின் ஏறும்போது இவை அத்தனையும் வெளியே போகின்றன. உருவம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த உருவத்துக்கோ பஞ்சமே இல்லை: இந்த வரிசை வண்டிக்குக் கதவு, மட்காடு, தொட்டிப் பலகை, கண்ணாடி ரப்பர் என்று எல்லாமே இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஆகவே பளபளப்பான வண்டியை எப்போது வேண்டுமானாலும் உருவாக்கலாம். கைபடாத வண்டியை உருவாக்க முடியாது. பணக்காரர் வீட்டுக் கார் துணி போர்த்தி வைக்கப்பட்டது; பிக்-அப் உழைத்து உழைத்துக் கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் துரு அதன் அடிவயிற்றைத் தின்றது. இத்தனையும் தாண்டி ஒன்று முழுசாக நிற்கிறது என்றால், பெரும்பாலும் வறண்ட மேற்குப் பகுதியில், ஒரே குடும்பத்தின் கொட்டகையில் நின்றிருக்கும். அதன் கதவில் ஒரு பண்ணையின் பெயரோ, பலசரக்குக் கடையின் பெயரோ தூரிகையால் எழுதப்பட்டு மங்கியிருக்கும். டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து, பெயின்ட் அடித்த மறுநாள் அந்தப் பெயர் இருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு உயிர்ப் பாதுகாப்பு. சீட் பெல்ட் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதுவும் ஒரே எண்ணெய்க் குழாய் வழி. எங்காவது கசிந்தால் நான்கும் போய்விடும். இன்றைய நெடுஞ்சாலையில் அப்படியொரு வண்டியில் குழந்தையை ஏற்றிச் செல் என்று யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. பெல்ட் பூட்டலாம், இண்டிகேட்டர் வைக்கலாம், பிரேக்கை இரண்டு வழியாகப் பிரிக்கலாம். வண்டியின் அடிச்சட்டத்தை வெட்டாமல், கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்ய வேண்டும். கழற்றிய பாகத்தைச் சீட்டு கட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டியூரின் சாசனமும், மாற்றம் தேவைப்பட்டால் அது மீட்கக்கூடியதாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறது. தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டியே ஆக வேண்டும் என்பவருக்கு இந்த வண்டி பொருந்தாது. எஞ்சினும் தரையும் போன எலும்புக்கூடுகள் வயல்வெளிகளில் எத்தனையோ கிடக்கின்றன. வி8 கனவை அவற்றில் நிறைவேற்றிக்கொள்ளலாம், அங்கே இழப்பதற்கு எதுவும் இல்லை.

துருவையும் வரலாறு என்று கும்பிடச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. தகட்டைத் தின்னும் துருவை நிறுத்தியே ஆக வேண்டும், இல்லையென்றால் பாதுகாக்க வண்டியே இருக்காது. வெயிலில் வெளிறிய பெயின்ட் வேறு. அதற்கு மெழுகும் பொறுமையும் போதும். சிலர் இப்போது புதுப் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, இல்லாத கடையின் பெயரை எழுதி, அதையும் மங்கவைத்து விற்கிறார்கள். அந்தப் போலியைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் உண்மையான தேய்மானத்துக்கு வாங்குபவர் மத்தியில் மதிப்பு ஏறிவருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. மதிப்பில்லாத பொருளுக்கு யாரும் போலி செய்வதில்லை.

என் வண்டி, என் காசு, உனக்கென்ன என்ற கேள்விக்கு, உரிமை உங்களுடையதே என்பதுதான் பதில். ஆனால் விற்கும் உரிமையாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வண்டிகள் புதிதாக விற்ற ஆண்டுகளில் பல அமெரிக்க மாநிலங்கள் வண்டியின் உரிமைப் பத்திரத்தில் எஞ்சின் எண்ணையே வண்டியின் எண்ணாகப் பதிந்தன. எஞ்சினை மாற்றிய வண்டியில் பத்திரமும் வண்டியும் பொருந்தாமல் போகும். பழைய எஞ்சினோடு இருக்கும் வண்டியில், பத்திரத்தில் உள்ள எண்ணை எஞ்சின் மேலேயே விரல் வைத்துக் காட்டலாம். விற்பதற்கு முன் அந்த இடத்தின் பிசுக்கைத் துணியால் துடைத்து ஒரு படம் எடுங்கள். பழைய ரசீதுகளை ஓர் உறையில் போட்டுச் சாவியோடு கொடுங்கள். கதவில் இருக்கும் பெயர் யாருடையது, வண்டி எதைச் சுமந்தது என்று தெரிந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெயின்ட் கடைக்குப் போக வேண்டாம்.