கோவில் உண்டு, குரு இல்லை

அயல் தேசத்தில் குடியேறுகிறவர்கள் முதலில் தேடுவது பிழைப்பு, அடுத்தபடியாக வீடு. நாலு குடும்பம் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டாலோ, உடனே கோவில் வேண்டும் என்ற எண்ணம் பிறந்துவிடுகிறது. ருஷ்யர், கிரேக்கர், ஸெர்பியர், ஸிரியர் முதலானோர் அமெரிக்காவுக்குப் போய், சுரங்கத்திலும் ஆலையிலும் உடல் வருந்தி உழைத்த காசில் எத்தனையோ கோவில்களை எழுப்பினார்கள். கோவில் கட்டுவதற்குப் பணமும் செங்கல்லும் போதும். உள்ளே நின்று பூசை செய்யக் குரு ஒருவர் வேண்டுமே, அவரையும் செங்கல்லால் செய்துவிட முடியுமா? அந்தச் சபைகளை நூறு வருஷத்துக்கு மேலாக வாட்டி வரும் கேள்வி இதுதான்.

இவர்கள் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். ரோமாபுரிப் போப்பாண்டவரின் ஆட்சியை ஏற்காமல், கான்ஸ்டாண்டிநோபிள், அந்தியோக்கியா, மாஸ்கோ முதலிய இடங்களில் உள்ள பேட்ரியார்க்குகளைத் தலைவர்களாகக் கொண்ட புராதன சபை அது. நம் அண்டையிலுள்ள மலையாளத்திலும் ஆர்த்தடாக்ஸ் என்ற பெயர் தாங்கிய சபை உண்டு. ஆனால் அது 451ஆம் வருஷத்துக் கால்ஸிடன் மகாசபையின் தீர்மானத்தை ஏற்காத வேறு கிளையைச் சேர்ந்தது. அதன் கதை தனி.

குரு இல்லாவிட்டால் என்ன, நாலு பேர் கூடிப் பிரார்த்தனை செய்தால் ஆகாதா என்று நேயர்கள் கேட்கலாம். பிரார்த்தனை செய்யலாம், சங்கீதங்களை ஓதலாம். ஆனால் அப்பமும் ரசமும் வைத்துச் செய்யும் பூசைக்குக் குரு இருந்தே தீரவேண்டும். பாவசங்கீர்த்தனம் கேட்கவும், நோயாளிக்குத் தைலம் பூசவும் அவர்தான் வரவேண்டும். அதிலும் ஒரு குரு ஒரு நாளில் ஒரு பூசைதான் செய்யலாம் என்பது விதி. ஆகையால், மூன்று கோவில்களுக்கு ஒரே குரு என்றால், ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு கோவில்களில் பூசை இல்லை என்று பொருள். நற்கருணை பெற விரும்பும் கிழவி, குரு வரும் வாரம் வரையில் உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்!

இந்தச் சபையில் குருமார் இல்லறத்தில் இருக்கலாமே, பிறகு ஏன் ஆள் கிடைக்கவில்லை? விவாகமானவரைக் குருவாக்கலாம் என்பது உண்மை. ஆனால் விவாகம் அபிஷேகத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். மனைவி இறந்தால் மறுமணம் கூடாது என்பதே பழைய விதி. 2018இல் கான்ஸ்டாண்டிநோபிள் பேட்ரியார்க்கின் சபை அதைச் சிறிது தளர்த்தியது. முப்பது வயது நிரம்பாதவரைக் குருவாக்கக் கூடாது என்று 692ஆம் வருஷத்து ட்ரூல்லோ சபை விதித்தது. அது எல்லா இடத்திலும் கண்டிப்பாய் அநுசரிக்கப்படுவதில்லை. ஆயினும் அதன் கருத்து விளங்குகிறது. இக்காலத்தில் ஒருவன் சர்வகலாசாலைப் படிப்பை முடித்து, மனைவி மக்களுடன் குருமடத்துக்குப் போய், அங்கே மூன்று வருஷம் படிக்க வேண்டும். கடன் சுமையோடு வெளியே வருகிறவனுக்கு முப்பது குடும்பங்கள் உள்ள ஒரு சிறு சபை கிடைக்கிறது. அந்தச் சபையால் அவனுக்குச் சம்பளம் கொடுக்க முடிவதில்லை. வார நாட்களில் வேறொரு உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஞாயிறன்று பூசை செய்யும் குருமார் அத்தேசத்தில் அநேகர்.

இதற்கு முதலில் தோன்றிய பரிகாரம், தாய்நாட்டிலிருந்து குருமாரை வரவழைப்பது. 1917 வரையில் ருஷ்யாவிலிருந்து குருமாரும் வந்தார்கள், பணமும் வந்தது. அக்காலத்தில் அமெரிக்காவில் மேற்றிராணியாராக இருந்த தீகன் என்பவர் தூரதிருஷ்டி உள்ளவர். கப்பலையே நம்பியிருக்கலாகாது என்று 1905இல் மினியாபொலிஸ் நகரில் ஒரு குருமடத்தை ஏற்படுத்தினார். 1912இல் அது நியூஜெர்ஸியிலுள்ள டெனாஃப்ளைக்கு மாறியது. ருஷ்யப் புரட்சிக்குப் பின் பண உதவி நின்றது. 1923இல் குருமடமும் மூடப்பட்டது. நியூயார்க்கில் புனித விளாதிமிர் குருமடமும், பென்ஸில்வேனியாவில் புனித தீகன் குருமடமும் 1938இல் தோன்றும் வரையில், அந்தச் சபைக்குச் சொந்தக் குருமடமே இல்லை. கிரேக்கர்கள் 1937இல் கனெக்டிகட் மாகாணத்தில் திருச்சிலுவைக் குருமடத்தைத் தொடங்கினார்கள். பதினைந்து வருஷம் குருமடம் இல்லாமற் போனால், அதன் பலனை ஒரு தலைமுறை அநுபவித்தே தீரவேண்டும்.

ஸிரியர்களின் கஷ்டம் வேறு விதம். அவர்களில் அநேகர் மூட்டை சுமந்து ஊர் ஊராய்ச் சரக்கு விற்றவர்கள். அவர்களுக்காக 1904இல் புரூக்லினில் அபிஷேகம் பெற்ற மேற்றிராணியார் ரஃபாயேல், சிதறிக் கிடந்த ஜனங்களைத் தேடிக் கண்டம் முழுவதும் யாத்திரை செய்தார். அவர் ஒருவர் எத்தனை ஊருக்குத்தான் போவார்? தம் குரு கிட்டாத இடத்தில், அவசரத்துக்கு எபிஸ்கோபல் சபைப் பாதிரிமாரை அழைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தார். அவசரத்துக்குத் திறந்த கதவு அன்றாட வாசலாகிவிட்டது. ஜனங்கள் தம் சபையையே மறக்கலாயினர். 1912இல் அவர் அந்த அநுமதியை ரத்துச் செய்ய நேர்ந்தது. குருவுக்குப் பஞ்சம் வந்தால், நாளடைவில் சபைக்கே பஞ்சம் வந்துவிடுகிறது.

இனி, பஞ்சம் மிகக் கொடியதாக இருந்த இடத்தைப் பார்ப்போம். அலாஸ்காவுக்கு 1794இல் ருஷ்யத் துறவிகள் கூட்டம் ஒன்று வந்து கோடியாக் தீவில் இறங்கியது. அதன் தலைவர் ருஷ்யாவுக்குச் சென்று மேற்றிராணியார் பட்டம் பெற்றுத் திரும்புகையில், 1799இல் கப்பலோடு கடலில் மூழ்கினார். எஞ்சியிருந்தவர்களில் ஜனங்கள் நெஞ்சில் நிலைத்தவர் ஹெர்மன் என்ற துறவி. அவர் குருப்பட்டம் பெற்றவரே அல்லர்! அநாதைக் குழந்தைகளை வளர்த்து, அவர்களுக்கு எழுத்தறிவித்தார்.

1824இல் உனலாஸ்கா தீவுக்கு வந்த இன்னொருவர் இவான் வெனியாமினோவ். கிழத் தாயாரையும், மனைவியையும், கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேல் பிரயாணம் செய்து வந்தவர். கோவிலைத் தம் கையாலும் உழைத்துக் கட்டினார். அதைவிடப் பெரிய காரியம், அலியூத் ஜனங்களின் பாஷையைக் கற்று, அதற்கு எழுத்து வகுத்து, அந்தப் பாஷையிலேயே உபதேச நூல் எழுதியது. 1828இல் குருவான யாக்கோபு நெட்ஸ்வேட்டாவின் தாயார் அலியூத் ஜாதியைச் சேர்ந்தவர். நூற்றுக்கணக்கான மைல் பரந்த தீவுகளே அவருடைய பங்கு. ஆரம்பத்தில் கூடாரமே அவருக்குக் கோவில்.

1867இல் ருஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. ருஷ்யர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். குரு வருஷத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ வரும் கிராமங்களில், சபை அழிந்திருக்க வேண்டும் அல்லவா? அழியவில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் தம் பாஷையில் ஜபம் ஓதத் தெரிந்த வேதவாசகர் ஒருவர் இருந்தார். அவர் ஞாயிறுதோறும் விளக்கேற்றி, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, இறந்தவர்களைப் பிரார்த்தனையோடு அடக்கம் செய்தார். குரு வரும்போது வரவேற்பதற்கு அங்கே ஒரு சபை காத்திருந்தது.

அப்படிப்பட்ட கிராமங்களில் ஒன்று, குஸ்கோக்விம் நதிப் பிரதேசத்திலுள்ள க்வெத்லுக். அவ்வூரில் தபால் ஆபீஸையும் பலசரக்குக் கடையையும் பார்த்துவந்த நிக்கோலாய் மைக்கேல் என்பவர் பிற்காலத்தில் குருவானார். அவர் மனைவி ஓல்கா ஊருக்கு மருத்துவச்சி. பூசை அப்பம் சுட்டதும், குருமாரின் வஸ்திரங்களைத் தைத்ததும் அந்த அம்மாள்தான். 1979இல் காலமான அவரை 2025இல் புனிதராகப் பிரகடனம் செய்தார்கள். யூபிக் ஜாதியில் பிறந்து, தம் ஊரை விட்டு அதிகம் வெளியே போகாத ஒரு குருபத்தினிக்கு இந்தப் பெருமை!

கடைக்காரரைக் குருவாக்கினால் வேத சாஸ்திர ஞானம் குன்றிவிடாதா என்று ஆக்ஷேபிப்பவர்கள் உண்டு. பல வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிவரும் நமக்கு அந்த ஆக்ஷேபம் அற்பமாகத் தோன்றவில்லை. படிப்புக் குறைந்த போதகன் செய்யும் தீங்கை நாம் அறிவோம். ஆனால், ஊரில் தகுதியுள்ளவனைக் கண்டுபிடித்து, அவனுக்குப் படிப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே வழி? 1970களில் நிறுவப்பட்டு, இன்று கோடியாக்கில் உள்ள புனித ஹெர்மன் குருமடம் அதைத்தான் செய்கிறது: கிராமத்து வேதவாசகரையும் கிராமத்துக் குருவையும் உருவாக்குகிறது. வெளியிலிருந்து வருகிற குரு எவ்வளவு பெரிய பண்டிதரானாலும், பேரப்பிள்ளைகளின் பாஷையைக் கற்றாலன்றி அவர்களுக்கு அவர் அந்நியரே. வெனியாமினோவ் வெற்றி பெற்றது வெளியிலிருந்து வந்ததால் அன்று. வந்த இடத்தின் பாஷையைத் தம் பாஷையாக்கிக்கொண்டதால்.

ஆகையால், குருமார் பஞ்சத்துக்கு மருந்து முதலில் மேற்றிராணியார் அரண்மனையில் இல்லை. ஒவ்வொரு சபையின் வீடுகளிலேயே இருக்கிறது. கோபுரத்துக்கு முலாம் பூசும் பணத்தில் ஒரு பகுதியை ஒரு மாணவனின் படிப்புக்கு ஒதுக்கலாம். குருவின் குடும்பம் கௌரவமாய் வாழும்படி சம்பளம் கொடுக்கலாம். குரு இல்லாத ஞாயிறன்று கதவைப் பூட்டாமல் வேதவாசகரைக் கொண்டு திறக்கலாம். இவற்றுக்கெல்லாம் முந்தியது ஒன்று உண்டு. குருவை அனுப்புங்கள் என்று மேற்றிராணியாருக்கு மனு எழுதும்போது, ஊரார் எல்லோரும் மகிழ்ச்சியாகக் கையெழுத்திடுகிறார்கள். 'என் பிள்ளையைத் தருகிறேன்' என்று அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னால், எத்தனை கையெழுத்து எஞ்சும்? அந்த எண்ணிக்கை எவ்வளவோ, அவ்வளவே அச்சபையின் ஆயுள்.