பட்டென்று அணையும் மடிக்கணினியும் நம்ம கையும்



போன பருவத் தேர்வுக்கு முன்னால், டிராயிங் பாதியில் நிற்கையில் என் லேப்டாப் பட்டென்று அணைந்தது. திரும்பப் போட்டால் ஐந்து நிமிஷம், மறுபடியும் இருட்டு. அக்கா படித்து முடித்துத் தந்த பழைய பெட்டி அது. கடைக்குக் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்காமல், "தம்பி, போர்டு போச்சு. ஆறாயிரத்து ஐநூறு ஆகும்" என்றார்கள்.

அம்மாவுக்கு ஈத்தாமொழி பக்கம் கயிற்றுக் களத்தில் வேலை. மழை வந்தால் வேலை கிடையாது. அப்போது ஐப்பசி. "மழை விடட்டும் மக்கா, பார்ப்போம்" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பன்தான் கேட்டான்: "எடே, மோட்டார் டிரிப் ஆனா முதல்ல என்ன பாப்போம்? லோடா, சூடா, சப்ளையான்னுதானே?"

அதன்படியே பார்த்தோம். பயாஸ் திரையில் சும்மா விட்டோம், அங்கேயும் அணைந்தது. ஆக, விண்டோஸ் மேல் குற்றமில்லை. (நம்மில் பலர் எடுத்ததுமே ஃபார்மட் அடித்து, உள்ள ரெக்கார்டையும் தொலைத்துவிட்டு நிற்கிறோம்!) பேட்டரியைக் கழற்றி சார்ஜரில் மட்டும் ஓட்டினோம், அப்போதும் அப்படியே. அரை மணி நேரம் ஆறவிட்டால் மட்டும் இருபது நிமிஷம் ஓடியது. பக்கவாட்டில் கை வைத்தால் காற்றே வரவில்லை. ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருந்ததைப் பார்த்துப் பயந்தேன். அது, முறையாக அணைக்காமல் நின்றுபோனது என்று மட்டும்தான் சொல்லும்; காரணத்தைச் சொல்லாது.

சுமார் 100 டிகிரி செல்சியஸ் தொட்டால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். நம்ம லேபில் இருக்கிற ஓவர்லோடு ரிலே செய்கிற அதே வேலை!

சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஸ்குரூக்களை வரிசையாகக் காகிதத்தில் வைத்துத் திறந்தோம். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி ஒரு அடை. கதம்பைத் தூசி. அம்மா முடியில் தினமும் பார்க்கிற அதே நிறம். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடுத்தோம். பிராசஸர் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துவிட்டு, அரிசி அளவு புதிதாக வைத்தோம். இப்போது மூன்று மணி நேரம் டிராயிங் போட்டாலும் அணையவில்லை.

கடைக்காரர்கள் எல்லாரும் மோசம் என்று சொல்ல வரவில்லை. போர்டு நிஜமாகவே போவதும் உண்டு. பேட்டரி உப்பியிருந்தால் நாம் தொடவே கூடாது. அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாலிடெக்னிக் மாணவர்களும் வாங்கினார்கள். அப்படி வந்த பழைய பெட்டிகள் இன்னும் எத்தனை வீட்டுப் பரணில் 'போர்டு போச்சு' என்று கிடக்கின்றனவோ! லேத்தைப் பிரித்துப் பூட்டுகிற நாம், இதற்கு மட்டும் கைகட்டி நிற்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை எலக்ட்ரிக்கல் லேபைத் திறந்துவிடச் சொல்லி, அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். ஆதரியுங்கள். சின்ன ஸ்குரூ டிரைவர் செட் என்னிடம் ஒன்று இருக்கிறது, பேஸ்ட்டும் மிச்சமிருக்கிறது.