மீசை முளைத்தால் அக்கறை போய்விடுமா?



என் அம்மா தினமும் சாயங்காலம் விளக்கேற்றும்போது ஒரு வேண்டுதல் வைப்பாள். வாய்விட்டுச் சொல்லும் வழக்கமில்லை. ஒருநாள் நான் பக்கத்தில் நின்றது தெரியாமல் முணுமுணுத்தது என் காதில் விழுந்துவிட்டது. "தாயே, எனக்கு ஒரு நாள் முந்தி அவனைக் கூப்பிட்டுக்கோ!"

"அவன்" என்றால் என் தம்பி. பெற்ற பிள்ளை தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று எந்தத் தாயாவது கேட்பாளா? என் அம்மா கேட்கிறாள். என் தம்பி மாதிரிப் பிள்ளை இருக்கிற வீடுகளில் நிறைய அம்மாக்கள் இப்படித்தான் கேட்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தம்பிக்கு ஆட்டிசம். இப்போது வயது 34. ஏப்ரல் 2 வந்தால் ஆட்டிசம் தினம் என்று எல்லாரும் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் எதை எடுத்தாலும் "ஆட்டிசம் குழந்தைகள்", "ஆட்டிசம் குழந்தைகள்" என்றே இருக்கிறது. படத்திலும் சின்னப் பிள்ளைதான். அந்தக் குழந்தை வளராதா? அதற்கு மீசை முளைக்காதா? ஆட்டிசம் அம்மை மாதிரி வந்து போகிற நோய் இல்லையே! பிறவியிலேயே அமைந்த குணம். ஆயுசுக்கும் கூடவே வரும். வயதுக்கு வயது அதன் முகம் மட்டும் மாறும்.

சின்ன வயதில் தம்பி தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்குவான். ஐந்து வயது வரை பேச்சு கிடையாது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். சந்தோஷம் வந்தால் கையை உதறிக்கொண்டு குதிப்பான். தெருவில் எல்லாரும், "பாருடி, செல்லம் குதிக்கிறதை" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள்.

பதினான்கு வயதில் திடுதிப்பென்று என்னைவிட உயரமாகிவிட்டான். குரல் உடைந்தது. அதே மாதிரிதான் கையை உதறிக் குதித்தான். ஆனால் கன்னத்தைக் கிள்ளிய அதே அக்காமார்கள், "ஏய், உள்ளே வாடி" என்று தங்கள் பெண் பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் அப்படியேதான் இருந்தான். ஊர் பார்த்த பார்வை மாறிவிட்டது. எங்கள் வீட்டு ஜன்னல் அந்த வருஷம்தான் மூடப்பட்டது.

அந்த வயதில்தான் வலிப்பும் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கு வாலிப வயதில் வலிப்பு தொடங்குவது உண்டாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்றும், ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்தன்று தம்பியை மண்டபத்துக்கே கூட்டி வரவில்லை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம், "பரீட்சை இருக்கு, ஊருக்குப் போயிருக்கான்" என்று சொன்னார்கள். தாலி ஏறும்போது நான் அழுததை எல்லாரும் பிரிவுத் துயரம் என்று நினைத்தார்கள். மூன்று மாதம் கழித்து விஷயம் என்னவருக்குத் தெரிந்தது. பெரிய சண்டை வரும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மறைச்சது தப்பு. மச்சான் அப்படி இருக்கிறதுல என்ன தப்பு?" அன்றைக்குத் தீர்மானம் செய்தேன், இனிமேல் மறைப்பதில்லை என்று.

தம்பிக்கு இருப்பது ஆட்டிசம் என்று ஒரு டாக்டர் சொன்னபோது அவனுக்கு 19 வயது. அதுவரை "மூளை வளர்ச்சி பத்தாது" என்ற ஒரே வார்த்தைதான். டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊனமுற்றோருக்காக 1995-ல் வந்த சட்டத்திலேயே ஆட்டிசம் தனியாக இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அதைச் சேர்த்தார்கள். 2016-ல் வந்த சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அதில் ஆட்டிசமும் உண்டு. அப்படியானால் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்களில் எத்தனை பேர், தங்களுக்கு என்ன என்றே தெரியாமல், "ஒரு மாதிரி", "முசுடு", "வெகுளி" என்ற பேரோடு காலம் தள்ளிக்கொண்டிருக்கிறார்களோ! அதிலும் பெண்கள், மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துப் பேசப் பழகிக்கொண்டு, உள்ளே இருக்கிற கஷ்டத்தை மறைத்துவிடுவதால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம் என்கிறார்கள்.

எல்லாம் சோகக் கதை என்று நினைக்காதீர்கள் சகோதரிகளே. வயது ஏற ஏற சில விஷயங்கள் நல்லதாகவும் ஆயின. முப்பது வயதில் தம்பி பேசிய அளவுக்குப் பத்து வயதில் பேசியதில்லை. சத்தம் தாங்கவில்லை என்றால் முன்பு சுவரில் முட்டிக்கொள்வான். இப்போது தானாகவே மாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு, மனசு ஆறியதும் இறங்கி வருகிறான். "இவனுக்கு இனிமேல் ஒண்ணும் வராது" என்று பதினைந்து வயதில் கைகழுவியவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். என் தம்பி முப்பதில் வளைந்தான்!

எங்கள் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சிதான் அதற்குக் காரணம். தம்பிக்கு எண்ணுவதும் நிறுப்பதும் உயிர். அண்ணாச்சி ஒருநாள், "தம்பி, இந்தச் சீனியை நூறு நூறு கிராமாக் கட்டு பார்ப்போம்" என்று விளையாட்டாகச் சொன்னார். ஒரு பொட்டலம்கூட எடை பிசகவில்லை. அன்றிலிருந்து காலையில் மூன்று மணி நேரம் அங்கேதான் வேலை. சம்பளமும் உண்டு. முதல் சம்பளத்தை அம்மா சாமி படத்தடியில் வைத்துவிட்டு அழுதாள்.

என் மகள் செல்போனில் பார்த்து ஒரு விஷயம் சொன்னாள். அமெரிக்காவில் 1943-ல் லியோ கானர் என்ற டாக்டர் பதினோரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை உலகத்துக்குச் சொன்னதாம். அதில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். 1933-ல் பிறந்தவர். சின்ன வயதில் அவரை ஒரு விடுதியில் விட்டு, பெற்றோர் மனசு கேட்காமல் திரும்பக் கூட்டி வந்தார்கள். பிறகு ஒரு விவசாயத் தம்பதி வீட்டில் கொஞ்ச காலம் வளர்ந்தார். அவருக்கும் எண்ணுவதிலும் அளப்பதிலும் பைத்தியமாம். அந்தத் தம்பதி அவரைத் திட்டவில்லை. உழும்போது சோளப் பயிர் வரிசைகளை எண்ணச் சொன்னார்கள்; கிணறு தோண்டச் சொல்லி ஆழத்தை அளக்கவிட்டார்கள். பிறகு அவர் கல்லூரி படித்தார், பேங்கில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், ஊர் ஊராகச் சுற்றினார். 2023-ல் 89 வயதில் காலமானார். சொந்த ஊர்க்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே வைத்துக்கொண்டார்கள்.

"அவங்க தாத்தா ஆரம்பிச்ச பேங்க்மா அது, பணக்காரக் குடும்பம்" என்றாள் மகள். வாஸ்தவம். நமக்கு பேங்க் இல்லை. ஆனால் நமக்கும் தெரு இருக்கிறதே, ஒரு அண்ணாச்சி கடை இருக்கிறதே!

பெரியவனான பிறகு வருகிற கஷ்டங்கள் வேறு மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன் தம்பி திடீரென்று தலையைச் சுவரில் இடிக்க ஆரம்பித்தான். சாப்பாட்டைத் தள்ளினான். ஒரு மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இவங்களுக்கு வயசானா மூர்க்கம் அதிகமாகும்" என்று மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். இருபது நாள் அரைத் தூக்கத்தில் கிடந்தான். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தை! பல்லைப் பிடுங்கியதும் மூர்க்கம் போய்விட்டது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன் வேறு எப்படித்தான் சொல்வான்? இப்படிப்பட்டவர்கள் நடத்தை திடீரென்று மாறினால் முதலில் பல், காது, வயிறு பாருங்கள். பிறகு மனசைப் பார்க்கலாம்.

அப்பா 2018-ல் தவறியபோது தம்பி அழவில்லை. "கல் நெஞ்சு" என்றார்கள். அவன் மறுநாளிலிருந்து தினமும் காலையில் அப்பாவின் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தான். இன்றைக்கும் துடைக்கிறான். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா வேலை முடிந்து வருகிற நேரம். எட்டு மாதம் கழித்து, ஆறு மணியானால் வாசலில் நின்று விசும்ப ஆரம்பித்தான். துக்கம் அவனுக்கு வந்தது. ஆனால் அவன் நேரத்துக்கு வந்தது.

உறவுக்காரர்கள் சொல்கிற இன்னொரு யோசனையும் உண்டு. "ஒரு ஏழைப் பொண்ணாப் பார்த்துக் கால்கட்டு போட்டுடு. உனக்கப்புறம் அவ பார்த்துக்குவா." கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆட்டிசம் உள்ளவர்களில் கல்யாணம் செய்து, குழந்தை குட்டியோடு நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். விருப்பம் தெரிந்து, உண்மையைச் சொல்லி, இருவரும் சம்மதித்துச் செய்தால் அது நியாயம். ஆனால் கல்யாணம் என்றால் என்னவென்றே கேட்காத என் தம்பிக்கு, சம்பளமில்லாத ஆயாவாக ஒரு பெண்ணைப் பிடித்துப் போடுவது பாவம். ஏழை வீட்டில் பிறந்தவளும் ஒரு தாய் பெற்ற பெண்தானே?

இன்னும் சிலர், "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான், கவலைப்படாதே" என்பார்கள். ஊற்றுவான், சரி. குடத்தை யாராவது ஒருவர் தூக்க வேண்டாமா? அம்மாவுக்கு இப்போது 66 வயது. மூட்டு வலி. அவனுக்குச் சவரம் செய்துவிடக்கூட நின்றால் கால் நடுங்குகிறது. அதனால் நாங்கள் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவலாம்.

ஒன்று, சட்டம். 18 வயது முடிந்துவிட்டால், பெற்ற தாயே ஆனாலும் பிள்ளைக்காக அவள் போடுகிற கையெழுத்து சட்டப்படி தானாகச் செல்லாது. தானே முடிவெடுக்க முடிகிறவர்களுக்கு அவரவர் கையெழுத்தே போதும். முடியாதவர்களுக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் இருக்கும் குழுவில் மனுப் போட்டு, சட்டப்பூர்வ பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். உடன்பிறந்தவர்களும் கேட்கலாம். அதே அறக்கட்டளையில் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஓரளவு படித்த பிள்ளைகளுக்கு, 2016 சட்டத்தின்படி அரசு வேலை ஒதுக்கீட்டிலும் பங்கு உண்டு.

இரண்டு, பழக்கம். அம்மா இல்லாத நாள் ஒன்று வரத்தான் போகிறது. அன்றைக்கு அவனைப் புது வீட்டில் கொண்டுபோய்த் தள்ளினால் அவன் என்ன ஆவான்? அதனால் இப்போதே என் வீட்டுக்குப் பழக்குகிறோம். முதலில் ஒரு மணி நேரம். பிறகு ஒரு பகல். பிறகு ஒரு ராத்திரி. அவன் தட்டு, அவன் தலையணை, அவன் சோப்பு எல்லாம் கூடவே வரும். சுவரில் காலண்டரில் எத்தனை நாள் என்று வட்டம் போட்டுக் காட்டுவேன். இரண்டு வருஷம் பிடித்தது. இப்போது மாதத்தில் பத்து நாள் எங்கள் வீட்டில் இருக்கிறான். என் மாமியார் முதலில் முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் அவர் மாத்திரை போட மறந்தபோது, தம்பி நேரம் பார்த்து டப்பாவை எடுத்து வந்து முன்னால் வைத்தான். அதற்குப் பிறகு, "தம்பி எப்ப வர்றான்?" என்று அவரே கேட்கிறார்.

மூன்றாவது, எங்களால் மட்டும் ஆகாதது. அக்கா தங்கை இல்லாத பிள்ளைகள் எங்கே போவார்கள்? எல்லா மச்சானும் என்னவர் மாதிரி இருப்பாரா? சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் இருப்பது போல, வளர்ந்தவர்களுக்குப் பகலில் போய் வேலை செய்ய ஒரு இடமும், பெற்றோர் காலத்துக்குப் பிறகு கௌரவமாகத் தங்க ஒரு வீடும் தாலுகாவுக்கு ஒன்றாவது வேண்டும். சென்னையில் மட்டும் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுமா? இதை நாம் கேட்காமல் யார் கேட்பார்கள்?

போன மாதம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "இனிமே அந்த வேண்டுதலை வைக்காதேம்மா. அவனுக்கு நான் இருக்கேன்." அம்மா ஒன்றும் பேசவில்லை. இன்னும் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். என் ஒருத்தி வார்த்தையை மட்டும் நம்பி ஒரு தாய் அதை எப்படி நிறுத்துவாள்? உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பெரிய பிள்ளை மூடிய ஜன்னலுக்குப் பின்னால் இருக்கலாம். பெண் பிள்ளைகளை உள்ளே கூப்பிடாமல், அவனைப் பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வராமல் போகலாம். உள்ளேயிருக்கிற அவன் அம்மா காதில் கட்டாயம் விழும்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
விருதுநகர்.