கடனுக்கு வயசு உண்டு, கடனாளிக்கு?

பி.காம். படித்த ஆசாமிகளுக்குத் தெரிந்திருக்கும். வரவேண்டிய பாக்கிகளை முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று கட்டம் போட்டுப் பிரிப்பார்கள். 'ஏஜிங் ஆஃப் டெப்டார்ஸ்' என்று பெயர். பெயரைக் கேட்டால் கடனாளியின் வயசைப் பற்றிக் கவலைப்படுகிற மாதிரி இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். வயசெல்லாம் கடனுக்குத்தான். கட்டவேண்டியவருக்கு இருபத்தைந்தா, எண்பத்தைந்தா என்று கேட்க அதில் கட்டமே கிடையாது.

கரன்ட், காஸ், டெலிபோன் எல்லாம் ஓடுவது இந்தக் கணக்கில்தான். நீங்களும் நானும் பில் கட்டவில்லை என்றால் காரணம் சுலபம்: மாசக் கடைசி, இல்லாவிட்டால் சோம்பேறித்தனம். ஆனால் நாற்பது வருஷமாக முதல் ஆளாகப் போய் க்யூவில் நின்று கட்டிய ஒரு பெரியவர் திடீரென்று நிறுத்திவிட்டால், அது வெறும் பாக்கி இல்லை சார், தகவல். வீட்டுக்குள் என்னவோ சரியில்லை என்று தகவல்.

அந்தத் தகவலைப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2003-ல் லண்டனில் ஓர் உதாரணம் நடந்தது. எண்பதைத் தாண்டிய தம்பதி. காஸ் பில் பாக்கி சுமார் 140 பவுண்டு. ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் காஸ் கம்பெனி இணைப்பைத் துண்டித்தது. அக்டோபரில் இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே இறந்துகிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். பணமில்லையா என்றால், அதுதான் இல்லை. அந்த பில்லைத் தாராளமாகக் கட்டுகிற அளவு பணம் வீட்டிலேயே இருந்தது.

சமூகநலத் துறைக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக்கூடாதா என்று ஊரே கேட்டது. 'தகவல் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை' என்றது கம்பெனி. அந்தச் சட்டத்தைக் கவனிக்கிற கமிஷனரோ, சட்டம் அப்படியெல்லாம் தடுக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். செய்ய மனசில்லாத வேலைக்குச் சட்டத்தைக் காட்டுவது நம்ம ஊர் ஸ்பெஷாலிட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் உண்டு.

இன்று அங்கே பென்ஷன் வயசுக்காரர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அக்டோபர் முதல் மார்ச் வரை இணைப்பைத் துண்டிக்கக்கூடாது. முதியவர்களுக்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் கொடுத்தால் பில் பெரிய எழுத்தில் வரும். மீட்டர் பார்க்க வருகிறவர், முன்பே பேசிவைத்த ரகசிய வார்த்தையைச் சொன்னால்தான் கதவு திறக்கும். அலிபாபா கதை மாதிரி, ஆனால் திருடனை வெளியே நிறுத்துவதற்கு!

இங்கே? அதே 2003-ல் வந்த நம் மின்சாரச் சட்டம், எழுத்து மூலம் 15 நாள் நோட்டீஸ் தராமல் துண்டிக்கக்கூடாது என்கிறது. அதனால் 'இன்று ராத்திரி 9.30-க்கு கரன்ட் கட், உடனே இந்த நம்பருக்குப் பேசவும்' என்று மெசேஜ் அனுப்புகிறவன் யாராக இருந்தாலும் ஃபிராடு. வேடிக்கை என்னவென்றால், அசல் பில் மெசேஜ் நியூஜெர்சியில் இருக்கும் பையனின் பழைய நம்பருக்குப் போகிறது. போலி மட்டும் கரெக்டாக அப்பாவுக்கு வந்து சேருகிறது.

2020 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த மின் நுகர்வோர் உரிமை விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. விண்ணப்பம் வாங்குவது, பில் வசூலிப்பது உட்பட எல்லாச் சேவையையும் மூத்த குடிமக்களுக்கு வீட்டு வாசலிலேயே தரவேண்டுமாம். உங்கள் தெருவில் எத்தனை தாத்தாக்களுக்கு இது தெரியும்? கேட்டுப் பாருங்கள். 'போடா, கிண்டலா பண்றே?' என்பார்கள்.

முன்பெல்லாம் எங்கள் ஏரியாவில் ஒரு லைன்மேன் இருந்தார். ஃபியூஸைப் பிடுங்குவதற்கு முன்னால் கதவைத் தட்டி, "என்ன பாட்டிம்மா, இந்தத் தடவை பணம் கட்டலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்பார். எந்த விதியிலும் அந்தக் கேள்வி இல்லை. லண்டனில் யாரும் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். இனி வருவது ஸ்மார்ட் மீட்டர். ஆபீஸில் உட்கார்ந்தபடியே துண்டித்துவிடலாம். பட்டனுக்குக் கதவைத் தட்டத் தெரியாது. ஆகவே, பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் ஒரு ஆள் நேரில் போய்ப் பார்க்காமல் துண்டிக்கக்கூடாது என்று எழுத்திலேயே போட்டுவிடுவது நல்லது.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்கிற நேரத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, அப்பா வீட்டு மின் இணைப்பில் யார் நம்பர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அப்படியே பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும்.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாக்கிப் பட்டியலில் கடனாளியின் வயசுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஃபார்மட் தெரியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள். பி.காம். பார்ட்டிகள் நாங்கள் நிறையப் பேர் சும்மாதான் இருக்கிறோம்.